எரிந்த வெளிச்சத்தில் எவ்வளவு மிச்சம்?

காஞ்சிபுரத்தில் கேமராவை வைக்கும் ஒளிப்பதிவாளருக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று வெயில், இன்னொன்று சரிகை. இரண்டும் ஒரே ஃபிரேமுக்குள் வந்துவிட்டால் அன்றைய வேலையின் ஒரு பகுதி படப்பிடிப்புத் தளத்தில் முடியாது, படத்தின் நிறத்தைத் திருத்தும் டி.ஐ. அறை வரைக்கும் தொடரும்.

ஊரை ஒட்டியிருக்கும் ஏனாத்தூரில், ஒரு தறிவீட்டில் படம்பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். குழித்தறி இருக்கும் உள்ளறைக்கு ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் 100, 200 லக்ஸ்தான் தேறும். அதே வீட்டின் வாசல் திண்ணையில் அடிக்கும் உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வித்தியாசம் 500 முதல் 1,000 மடங்கு. வெளிச்சம் ஒருமுறை இரட்டிப்பாவதை ஒளிப்பதிவில் ஒரு ஸ்டாப் என்பார்கள். அந்தக் கணக்கில் வாசலுக்கும் தறிக்கும் இடையே 9 முதல் 10 ஸ்டாப். அறையின் இருண்ட மூலையையும், திண்ணையில் விரித்திருக்கும் புடவையின் சரிகைக் கரையில் தெறிக்கும் மின்னலையும் சேர்த்தால் கணக்கு இன்னும் எகிறும்.

சரிகையின் அமைப்பே அப்படி. சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுவது அசல் சரிகை. பட்டு நூல் தன்மேல் விழும் ஒளியைப் பல திசைகளிலும் சிதறவிடும். சரிகையோ வளைந்த கண்ணாடிபோலச் சூரியனையே திருப்பிக் காட்டும். அதனால் பக்கத்தில் இருக்கும் பட்டைவிட அது பல மடங்கு பிரகாசமாகக் கேமராவுக்குள் நுழைகிறது. அந்த இடம் திரையில் ஒரு வெள்ளைத் தீற்றலாக நின்றுவிட்டால், படப்பிடிப்பு வட்டாரத்தில் 'ஹைலைட் பர்ன் ஆயிடுச்சு' என்பார்கள். உடனே அடுத்த வாக்கியமும் வரும்: 'ரா-லதானே எடுத்திருக்கோம், டி.ஐ.ல பார்த்துக்கலாம்.'

பார்த்துக்கொள்ள முடியுமா? சில சமயம் முழுமையாக முடியும். சில சமயம் பாதி முடியும். சில சமயம் துளியும் முடியாது. இந்த மூன்றையும் பிரித்தறிவதற்குக் கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தலைதட்டிய படி

டிஜிட்டல் கேமராவின் உணர்வியில் லட்சக்கணக்கான நுண்ணிய ஒளிக்கலங்கள் இருக்கின்றன. ஒளித்துகள் வந்து மோதும்போது கலத்தில் எலக்ட்ரான் சேரும். ஒரு ஃபிரேமுக்கான நேரம் முடிந்ததும், எவ்வளவு மின்னூட்டம் சேர்ந்திருக்கிறது என்பதை அளந்து எண்ணாக எழுதிவிடுவார்கள். 12 பிட் கேமராவில் அந்த எண் 0-வில் தொடங்கி 4,095-இல் முடியும்.

ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது நிரம்பிய பிறகு எத்தனை ஒளித்துகள் வந்தாலும் எண் மாறாது. 4,095 என்றே எழுதப்படும். நெல் அளக்கும்போது படியின் மேல் கோபுரமாகக் குவிந்ததைத் தலைதட்டிவிட்டால், அந்தக் குவியல் விரற்கடை உயரமா, முழ உயரமா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. உச்சத்தைத் தொட்ட கலத்தின் கதையும் அதுதான். சுண்ணாம்புச் சுவரும், வெள்ளை வேட்டியும், சூரியனும் ஒரே எண்ணாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள்.

ஃபிலிம் இப்படி நடந்துகொள்ளாது. ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்டு என்ற இருவர் 1890-இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிக்கும் நெகட்டிவின் கருமைக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்கள். அந்தக் கோடு உச்சியில் சட்டென்று முடியாது. தோள்பட்டைபோல மெல்லச் சரியும். வெளிச்சம் கூடக்கூட நெகட்டிவின் கருமை ஏறும் வேகம் குறையுமே தவிர, சட்டென்று ஒரே இடத்தில் முட்டி நிற்காது. அதனால்தான் ஃபிலிம் காலத்தில் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுப்பது பாதுகாப்பு என்று கருதப்பட்டது. கூடினால் லேபில் பிடித்துவிடலாம். குறைந்தால்தான் இருட்டில் ஒன்றும் இருக்காது.

டிஜிட்டல் இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கியது. இருட்டில் கிடப்பதை இரைச்சலோடாவது மேலே இழுக்கலாம். உச்சியில் வெட்டுப்பட்டதை இழுக்க அங்கே எதுவும் இல்லை. தமிழில், பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' 2004-இலும், 'மும்பை எக்ஸ்பிரஸ்' 2005-இலும் டிஜிட்டலில் வந்தன. 2009-இல் 'அச்சமுண்டு! அச்சமுண்டு!', 'உன்னைப்போல் ஒருவன்' ஆகிய படங்கள் ரெட் ஒன் கேமராவில் எடுக்கப்பட்டு வெளியாயின. அடுத்த ஆண்டு ஆரி அலெக்ஸா வந்தது. தமிழ் ஒளிப்பதிவாளர்களில் ஒரு தலைமுறை, நெகட்டிவில் பழகிய கையோடு இந்தப் புதிய உச்சவரம்புக்குள் வேலை செய்யக் கற்றுக்கொண்டது அந்தச் சில ஆண்டுகளில்தான்.

போகாததைப் போனதாக நினைப்பது

டி.ஐ.-யில் 'மீட்டெடுத்தோம்' என்று சொல்லப்படும் ஹைலைட்களில் பெரும்பாலானவை உண்மையில் தொலைந்தவையே அல்ல.

தளத்தில் மானிட்டரில் பார்க்கும் படம் உணர்வி பதிவு செய்த படம் அல்ல. உணர்வி 13, 14 ஸ்டாப் வரை பதிவு செய்கிறது. சாதாரண மானிட்டரால் அதில் பாதியைத்தான் வசதியாகக் காட்ட முடியும். அதனால் இடையில் லட் என்ற ஒரு நிறமாற்ற அட்டவணையைப் போட்டு, மேலேயும் கீழேயும் சுருக்கி அல்லது வெட்டிக் காட்டுவார்கள். மானிட்டரில் வெள்ளையாகத் தெரியும் ஏனாத்தூர் வானத்தில், ரா கோப்புக்குள் மேகம் பத்திரமாக இருக்கலாம்.

ரா கோப்பு என்பது ஒளிக்கலங்கள் தந்த எண்கள், அநேகமாக அப்படியே. வண்ணச் சமநிலை, ஐ.எஸ்.ஓ., மாறுபாடு எதுவும் அதில் நிரந்தரமாகச் சுட்டுவிடப்படுவதில்லை. பல கேமராக்களில் அவை பக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகள் மட்டுமே. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் கேமரா ரா பகுதிக்குப் போய் எக்ஸ்போஷரைக் குறைத்தால், உள்ளே இருந்த மேகம் இறங்கி வரும். இது மீட்பு அல்ல. உள்ளே இருந்ததைப் படிப்பது.

செல்போனும் பல சிறிய கேமராக்களும் தரும் 8 பிட் காணொளியில் இந்த வசதி கிடையாது. அங்கே வண்ணச் சமநிலையும் வளைகோடும் கேமராவுக்குள்ளேயே செயல்பட்டு, ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகச் சுருங்கிய பிறகுதான் கோப்பே உருவாகிறது. 255-இல் முட்டியதைக் கீழே இழுத்தால் வெள்ளை சாம்பலாகும், விவரம் வராது. கல்யாண வீடியோவில் மணமகன் வேட்டியைக் காப்பாற்றச் சொல்லி எடிட்டரைத் திட்டுவதில் பயனில்லாமல் போவது இதனால்தான்.

படிக்கக் கிடைக்கிறதா, உண்மையிலேயே வெட்டுப்பட்டிருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வெளிச்ச அளவைக் கோடாகக் காட்டும் வேவ்ஃபார்மைத் திறந்துவைத்துக்கொண்டு ரா பகுதியில் எக்ஸ்போஷரைப் படிப்படியாகக் குறையுங்கள். மேலே அப்பியிருந்த கோடு விரிந்து, மேடும் பள்ளமுமாகப் பிரிந்தால் விவரம் இருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோலத் தட்டையான விளிம்போடு அப்படியே இறங்கினால் அந்த நிறம் உணர்வியிலேயே வெட்டுப்பட்டுவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் பரேடில் இதைச் செய்தால் எந்த நிறம் போயிற்று, எது பிழைத்தது என்பதும் தெரிந்துவிடும். உண்மையான மீட்பு வேலை அந்தப் பிழைத்த நிறத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றில் ஒன்று முதலில் விழும்

ஒளிக்கலத்துக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு கலத்தின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு வண்ண வடிகட்டி பொருத்தப்படுகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நான்கு கலங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மனிதக் கண் நுணுக்கத்தைப் பெரும்பாலும் பச்சைப் பகுதியில் உணர்வதால் அதற்கு இரட்டைப் பங்கு.

பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பொருளைப் படம்பிடித்தால் மூன்று நிறக் கலங்களும் ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. பச்சைக் கலம்தான் முந்திக்கொண்டு நிரம்பும். சிவப்பு பெரும்பாலும் அதில் பாதி அளவே இருக்கும். வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால் பிறகு சிவப்பையும் நீலத்தையும் பெருக்கிச் சமன்செய்ய வேண்டும். வண்ணச் சமநிலை என்பது இந்தப் பெருக்கல்தான்.

ஏனாத்தூர் திண்ணையில் வெயில் படும் சுண்ணாம்புச் சுவரை எண்ணில் பார்க்கலாம். ஒளிக்கலத்தின் உச்சம் 100 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பை 2 ஆலும், நீலத்தை ஒன்றரையாலும் பெருக்க வேண்டும், பச்சை அப்படியே என்றும் வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து வரும் உண்மையான அளவுகள் சிவப்பு 60, பச்சை 120, நீலம் 80. பச்சை உச்சத்தைத் தாண்டிவிட்டதால் 100 என்றே பதிவாகும். பெருக்கிய பிறகு கிடைப்பது சிவப்பு 120, பச்சை 100, நீலம் 120. மூன்றும் 120 ஆக இருந்திருந்தால் வெள்ளை. பச்சை குறைந்துவிட்டதால் சுவர் இளஞ்சிவப்பாகிவிடும். ரா கோப்புகளைக் கையாள்பவர்கள் அடிக்கடி பார்க்கும் அந்த ரோஸ் நிற மேகத்துக்கும் ரோஸ் நிற ட்யூப்லைட்டுக்கும் இதுதான் காரணம்.

இந்த ரோஸைப் போக்கப் பழைய வழி, 100-க்கு மேல் போன எல்லாவற்றையும் 100-இல் வெட்டிவிடுவது. சுவர் வெள்ளையாகிவிடும். ஆனால் சிவப்பிலும் நீலத்திலும் பத்திரமாகப் பதிவாகியிருந்த சுவரின் வெடிப்பும், காரை பெயர்ந்த தடமும் அதோடு போய்விடும். மீட்பு முறை செய்வது வேறு. சிவப்பும் நீலமும் 120 என்று சொல்வதைக் கேட்டு, பச்சையும் 120 ஆக இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து நிரப்புகிறது. பின்னர் 100-க்கு மேலே உள்ள பகுதியைத் திரைக்குள் அடங்குமாறு மெல்ல அழுத்துகிறது. சுவரின் வெடிப்பு திரும்பி வருகிறது.

எவ்வளவு தூரம் இப்படி மீட்கலாம் என்பதையும் இதே எண்கள் சொல்லிவிடுகின்றன. சிவப்புக் கலம் பச்சையில் பாதி வேகத்தில் நிரம்புகிறது என்றால், பச்சை விழுந்த பிறகு சிவப்பு விழ இன்னும் ஒரு ஸ்டாப் மிச்சம். மீட்பின் எல்லை ஏறத்தாழ அவ்வளவே. மூன்று நிறமும் விழுந்த இடத்தில் எந்த மென்பொருளுக்கும் பிடிமானம் இல்லை.

மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கதை மாறும். அங்கே சிவப்பு ஏராளம், நீலம் பஞ்சம். முதலில் நிரம்புவது சிவப்புக் கலமாக இருக்கலாம். கல்யாண மண்டபத்தில் அந்த விளக்கொளியின் கீழ் அரக்குச் சிவப்புப் பட்டு உடுத்திய மணமகளைப் படம்பிடிக்கும்போது இது பெரிய ஆபத்து. காரணம், பிரகாசத்தை மட்டும் அளக்கும் ஜீப்ரா போன்ற கருவிகளில் சிவப்பின் பங்கு சுமார் 21 சதவீதம்தான். பச்சைக்கு 72 சதவீதம், நீலத்துக்கு 7 சதவீதம். சிவப்பு முழுவதும் வெட்டுப்பட்டு, புடவையின் மடிப்பும் நெசவும் ஒரே தட்டையான சிவப்பாக மாறியிருந்தாலும் ஜீப்ரா வாயைத் திறக்காது. டி.ஐ. அறையில் பரேடைப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

சரிகையின் நிறம் யாருக்குத் தெரியும்?

சுவர் வெள்ளை. அதனால் 'மூன்று நிறமும் சமம்' என்ற ஊகம் அங்கே பலித்தது. சரிகைக்கு அந்த ஊகம் பொருந்தாது.

தங்கம் சிவப்பொளியைப் பெரும்பாலும் திருப்பிவிடும். பச்சையில் முக்கால் பங்கை, நீலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை மட்டும் திருப்பும். தங்கத்துக்கு மஞ்சள் நிறம் வருவதே நீலத்தை அது விழுங்குவதால்தான். சமன்செய்த பிறகு கிடைக்க வேண்டிய விகிதத்தை 100, 75, 35 என்று வைத்துக்கொள்ளலாம்.

சரிகைக் கரையில் ஒரு மிதமான மின்னல். சமன்செய்தபின் இருக்க வேண்டிய அளவு சிவப்பு 180, பச்சை 135, நீலம் 63. ஒளிக்கலத்தில் பச்சை மட்டும் 100-இல் முட்டும். மற்ற இரண்டும் பிழைக்கும். பதிவானதைச் சமன்செய்தால் 180, 100, 63. தங்கம் செம்பாகத் தெரியும். சிவப்பும் நீலமும் கையில் இருப்பதால் இதைச் சரிசெய்துவிடலாம்.

இன்னும் கடுமையான மின்னல். சமன்செய்தபின் இருக்க வேண்டிய அளவு சிவப்பு 300, பச்சை 225, நீலம் 105. இப்போது சிவப்பும் பச்சையும் இரண்டுமே முட்டிவிட்டன. நீலம் மட்டும், ஒளிக்கலத்தில் 70 என்ற அளவில், நிம்மதியாக இருக்கிறது. சமன்செய்தால் 200, 100, 105. தங்க மின்னலின் நடுவே ரோஸ் புள்ளி. இங்கே மென்பொருள் சுவருக்குச் செய்ததையே செய்து, பிழைத்த நீலத்தை நம்பி மூன்றையும் சமமாக்கினால் 105, 105, 105 வரும். ரோஸ் போய்விடும். ஆனால் சரிகையின் மிகப் பிரகாசமான புள்ளி, தன்னைச் சுற்றியுள்ள பகுதியைவிட மங்கிய வெள்ளையாகிவிடும். முலாம் போன வெள்ளிக் கம்பிபோலத் தெரியும். கரையில் பொன் வேண்டும் என்று விலை கொடுத்த புடவையைத் திரையில் சாயம் வெளுத்ததுபோலக் காட்டுவது இந்த ஊகம்தான்.

இதே நீலத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். அதே சரிகையில் நிழல் பட்ட, வெட்டுப்படாத பகுதி பக்கத்திலேயே இருக்கும். அங்கிருந்து 100, 75, 35 என்ற விகிதத்தை எடுத்துக்கொண்டு, நீலம் 105 என்றால் சிவப்பு 300, பச்சை 225 என்று கணக்கிட்டு நிரப்பினால் தங்கம் தங்கமாகவே திரும்பும். சுற்றுப்புற விகிதத்தை வைத்து இட்டு நிரப்பும் முறைகள் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

புகைப்பட ரா கோப்புகளைப் படிக்க டேவ் காஃபின் எழுதிய டிசிரா என்ற இலவச நிரல் இந்தத் தேர்வுகளை ஒளிவுமறைவின்றி வைத்தது. ஹைலைட்டுக்கான அமைப்பில் 0 என்றால் எல்லாவற்றையும் வெள்ளையாக வெட்டு. 1 என்றால் வெட்டாதே, ரோஸாகவே விடு. 2 என்றால் வெட்டியதையும் வெட்டாததையும் கலந்து மெல்ல வெள்ளைக்குக் கொண்டுபோ. 3 முதல் 9 வரை என்றால் புனரமைப்பு செய். எண் சிறிதாக இருந்தால் வெள்ளைக்குச் சாதகம், பெரிதாக இருந்தால் நிறத்துக்குச் சாதகம். சுவருக்கு எது நல்லது, சரிகைக்கு எது நல்லது என்பதை நிரல் முடிவு செய்யவில்லை, பயன்படுத்துபவரிடம் விட்டது.

சினிமா மென்பொருள்களிலும் இதே எண்ணம்தான் வேறு பெயர்களில் இருக்கிறது. ரெட் நிறுவனத்தின் ரெட்சைன்-எக்ஸில் டி.ஆர்.எக்ஸ். என்று ஓர் அமைப்பு உண்டு. டாவின்சி ரிசால்வின் கேமரா ரா பகுதியில் ஹைலைட் ரெக்கவரி என்று ஒரு சின்னக் கட்டம். ஆய்வுலகிலும் இந்தக் கேள்வி பேசப்பட்டிருக்கிறது. ஸுவெமெய் ஜாங், டேவிட் பிரெய்னார்டு இருவரும் 2004-இல் வெளியிட்ட கட்டுரை, இயற்கைக் காட்சிகளில் மூன்று நிறங்களும் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற புள்ளியியலை வைத்து, வெட்டுப்பட்ட நிறத்துக்குப் பெரும்பாலும் இருந்திருக்கக்கூடிய மதிப்பைக் கணக்கிடும் வழியைக் காட்டியது. முறை எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: பிழைத்த நிறம் சாட்சி, மற்றது ஊகம்.

ஓடும் படத்தின் கூடுதல் தலைவலி

புகைப்படத்தில் ஒரு முறை ஊகித்தால் போதும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 முறை ஊகிக்க வேண்டும். தறியில் நெசவாளர் பலகையை இழுக்கும் ஒவ்வொரு அடிக்கும் நெய்த துணி கொஞ்சம் அதிர்கிறது; சரிகையின் மின்னல் இடம் மாறுகிறது. ஒரு ஃபிரேமில் பச்சை மட்டும் வெட்டுப்பட்ட புள்ளி, அடுத்த ஃபிரேமில் சிவப்பும் சேர்ந்து வெட்டுப்பட்ட புள்ளியாகிறது. மென்பொருளின் ஊகமும் அதற்கேற்ப மாறும். தனித்தனி ஃபிரேமாகப் பார்க்கும்போது சரியாக இருக்கும் மீட்பு, ஓடவிட்டால் கரை முழுக்கப் படபடவென்று நிறம் மாறித் துடிக்கும். ஆகவே ஹைலைட் ரெக்கவரியைப் போட்டுவிட்டு நின்ற ஃபிரேமை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. ஷாட்டை முழு வேகத்தில், பெரிய திரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் விளிம்பு. மீட்ட பகுதியும் மீட்காத பகுதியும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வளையமோ, புள்ளிப் புள்ளியான ரம்பப் பற்களோ தோன்றலாம். ரோஸ் அல்லது பச்சை விளிம்பு தெரிந்தால், பிரகாசத்துக்கேற்ப நிறச்செறிவைக் கட்டுப்படுத்தும் வளைகோட்டை எடுத்து, உச்சிப் பகுதியில் மட்டும் செறிவைக் குறைப்பது கலரிஸ்ட்களின் வழக்கமான கைமருந்து. சுவருக்கும் வானத்துக்கும் இது பலிக்கும். சரிகைக்கு இதைப் போடும்போது கரையைத் தனியாகத் தேர்ந்தெடுத்து விலக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பழையபடி வெள்ளிதான்.

மூன்று நிறமும் போன இடத்தில் செய்யக்கூடியது ஒப்பனை மட்டுமே. விளிம்பு உறுத்தாமல் மென்மையாக்கலாம். லேசான ஒளிப்பரவலைச் சேர்த்து, அங்கே வெளிச்சம் கொப்பளிப்பதாகவே காட்டலாம். கேமரா அசையாத ஷாட்டாக இருந்தால் முன்பின் ஃபிரேம்களில் வெட்டுப்படாத பகுதியை எடுத்து ஒட்டலாம். வானத்தையே மாற்றிவிடலாம். பக்கத்து நெசவைப் பார்த்து இல்லாத விவரத்தைத் தானாக வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை வரைவது நம்பும்படி இருக்கலாம். அந்தப் புடவையில் இருந்த புட்டாவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. கதைப்படத்தில் அதனால் குடிமுழுகிப் போகாது. நெசவைப் பற்றிய ஆவணப்படத்தில் அது பொய்ச் சாட்சி.

திரையும் மாறிவிட்டது. திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகில், திரையரங்கப் புரொஜெக்டரின் வழக்கமான உச்ச வெளிச்சம் 48 நிட்ஸ். எச்.டி.ஆர். தொலைக்காட்சிகளுக்கான பிரதி பெரும்பாலும் 1,000 நிட்ஸை இலக்காக வைத்துத் தயாராகிறது. அரங்கில் யார் கண்ணிலும் படாத வெட்டுப்பட்ட வாசற்படி, வீட்டுத் திரையில் கண்ணைக் கூசவைக்கும் தட்டையான வெள்ளைக் கட்டமாக வந்து நிற்கும். ஓ.டி.டி.க்கு எச்.டி.ஆர். பிரதி கேட்கப்படும் இந்தக் காலத்தில் ஹைலைட்டின் மதிப்பு கூடியிருக்கிறது.

தளத்திலேயே முடிக்க வேண்டியது

கேமரா தயாரிப்பாளர்கள் உச்சவரம்பை உயர்த்திக்கொண்டேதான் வருகிறார்கள். அலெக்ஸா ஒவ்வொரு ஒளிக்கலத்தையும் இரண்டு வெவ்வேறு பெருக்கத்தில் ஒரே நேரத்தில் வாசித்து, இருட்டுக்கு ஒன்றையும் வெளிச்சத்துக்கு இன்னொன்றையும் எடுத்து இணைக்கிறது. ரெட் கேமராக்களில் வந்த எச்.டி.ஆர்.எக்ஸ்., ஒரே ஃபிரேமுக்கு இரண்டு எக்ஸ்போஷர்களைப் பதிவு செய்தது. 2022-இல் வந்த அலெக்ஸா 35-க்கு 17 ஸ்டாப் என்று ஆரி சொல்கிறது. ஆனாலும் சூரியன் சரிகையில் நேராகத் தெறிக்கும்போது எந்தக் கேமராவும் ஏதோ ஒரு புள்ளியில் கைவிரிக்கும்.

அதனால் பார்க்க வேண்டியதைச் சரியான இடத்தில் பார்க்க வேண்டும். லட் போட்ட மானிட்டரை மட்டும் நம்பாமல், உணர்வியின் நிலையைச் சொல்லும் கருவிகளைப் பாருங்கள். ரெட் கேமராக்களில் மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகச் சிறு விளக்குகள் உண்டு. ஒரு நிறத்தின் ஏறத்தாழ 2 சதவீதப் புள்ளிகள் வெட்டுப்பட்டதும் அந்த நிற விளக்கு எரியும். ஆரியின் ஃபால்ஸ் கலரில் உச்சத்தைத் தொட்ட இடம் சிவப்பாகவும், தொடப்போகும் இடம் மஞ்சளாகவும் காட்டப்படும்.

ஐ.எஸ்.ஓ. விஷயத்திலும் ஒரு முரண் இருக்கிறது. ரா-வில் அது குறிப்பு மட்டுமே என்ற கேமராக்களில், ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டி வைத்தால் மானிட்டர் பிரகாசமாகும். அதைப் பார்த்து நாம் ஐரிஸை மூடுவோம் அல்லது வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. வடிகட்டியைப் போடுவோம். உணர்விக்குள் போகும் வெளிச்சம் குறையும். ஹைலைட்டுக்கு இடம் கிடைக்கும். 800-இல் எடுப்பதை 1,600 என்று வைத்து அதற்கேற்ப ஐரிஸை மூடினால் மேலே ஒரு ஸ்டாப் கூடுதல். அதற்கு விலை, இருட்டில் கூடும் இரைச்சல். வெயில் ஷாட்டுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். உள்ளறை ஷாட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

இதற்கெல்லாம் முன்பே செய்யக்கூடிய பழைய வேலை ஒன்று உண்டு. வெளிச்சத்தின் வித்தியாசத்தைக் கேமராவுக்கு முன்னாலேயே குறைப்பது. வாசலில் கறுப்பு வலை கட்டினால் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் இறங்கும். உள்ளே தெர்மாகோலில் தட்டி வெளிச்சத்தை ஏற்றினால் இன்னும் நெருங்கும். திண்ணையில் புடவை விரிக்கும் ஷாட்டை உச்சிவேளையிலிருந்து காலை 8 மணிக்கு மாற்றினால் வெயிலின் கூர்மை குறையும். புடவையை ஒரு விரற்கடை சாய்த்துப் போட்டால் சரிகையின் மின்னல் லென்ஸை விட்டு விலகிப் போய்விடும். லைட்மேன் பத்து நிமிடத்தில் முடிக்கும் இந்த வேலையை டி.ஐ.-யில் செய்ய ஒரு நாள் போதாது.

எல்லா ஹைலைட்டையும் காப்பாற்ற வேண்டும் என்பதும் இல்லை. சூரியன், குத்துவிளக்குச் சுடர், பல்பின் நடு, சரிகையில் ஊசிமுனை அளவு மின்னல் ஆகியவை வெள்ளையாகப் போவதுதான் இயல்பு. நம் கண்ணும் அவற்றை அப்படியே காண்கிறது. நெற்றி, வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர், கரையின் புட்டா ஆகியவற்றில் விவரம் இருந்தே ஆக வேண்டும். எது போகலாம், எது போகக் கூடாது என்று ஷாட்டுக்கு முன்பே முடிவெடுத்து, போகக் கூடாததில் குறைந்தது ஒரு நிறமாவது, முடிந்தால் இரண்டு நிறமாவது உச்சத்துக்குக் கீழே நிற்கும்படி எக்ஸ்போஷர் வையுங்கள். ஒரு நிறம் பிழைத்திருந்தால் கலரிஸ்ட் ஏதாவது செய்ய முடியும். மூன்றும் போனபின் அவரிடம் கேட்பதில் நியாயம் இல்லை.